ஆய்வேடு முழுவதும் பிறர் கருத்தாகவே இருக்கிறது: தத்துவ ஆய்வை எழுதவும் அவையில் எடுத்துரைக்கவும் எப்படிப் பழகுவது?

கேள்வி: மூன்றாமாண்டு ஆய்வாளர்

வணக்கம். தத்துவத்தில் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். ஒருவர் தாம் முற்றிலும் மறந்துபோன செயலுக்குப் பொறுப்பாவாரா என்பது என் ஆய்வுப் பொருள். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் தம் பெருநூலின் 1694-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் புதிதாகச் சேர்த்த இயலிலிருந்து தொடங்குகிறேன். ஒரு செயலைத் தன் செயலாக உணரும் உணர்வு எதுவரை பின்னோக்கிச் செல்கிறதோ அதுவரைதான் ஒருவர் அதே ஆள் என்பது லாக்கின் நிலைப்பாடு. அன்றும் இன்றும் அதே ஆளாக இருப்பதையே ஒருமை என்கிறேன். அங்கிருந்து, 1736-இல் ஜோசப் பட்லரும் 1785-இல் தாமஸ் ரீடும் எழுப்பிய மறுப்புகளின் வழியாக இக்கால விவாதங்களுக்கு வருவது என் திட்டம்.

முதல் இரண்டு இயல்களை, 42 பக்கங்கள், எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன். மொழிப்பிழை என்றோ மேற்கோள் பிழை என்றோ அவர் எதையும் குறிக்கவில்லை. ஆனால் பக்க ஓரங்களில் ஒரே கேள்வியை ஏழெட்டு இடங்களில் எழுதியிருந்தார்: "இதில் நீங்கள் சொல்வது என்ன?" ஓர் எடுத்துக்காட்டுப் பத்தியை அப்படியே தருகிறேன்.

"லாக் கருத்துப்படி ஆளின் ஒருமைக்கு நினைவே அடிப்படையாகும். பட்லர் இதனை மறுக்கிறார். நினைவு என்பதே ஒருமையை முன்னரே ஏற்றுக்கொண்டால்தான் பொருள்படும் என்பது அவர் கருத்து. ரீடும் லாக்கை மறுக்கிறார். சிறுவயதில் பழத்தோட்டத்தில் திருடியதற்காக அடிபட்ட ஒருவர், இளம் அதிகாரியாகப் பகைவரின் கொடியைக் கைப்பற்றுகிறார், முதுமையில் படைத்தலைவராகிறார். அதிகாரிக்கு அடிபட்டது நினைவிருக்கிறது. படைத்தலைவருக்குக் கொடியைக் கைப்பற்றியது நினைவிருக்கிறது, அடிபட்டது நினைவில்லை. எனவே லாக்கின் கொள்கை முரண்பாட்டில் முடிகிறது என்கிறார் ரீட். பொறுப்பைப் பற்றியும் இவ்வாறே கூறலாமா என்பது சிந்திக்கத்தக்கது. இனி இக்கால அறிஞர்களின் கருத்துகளைக் காண்போம்."

இதையே சென்ற மாதம் துறைக் கருத்தரங்கில் வாசித்தேன். கொடுக்கப்பட்ட நேரம் 20 நிமிடம். என் சொந்த வாதம் 11-ஆம் பக்கத்தில் இருந்தது. 9-ஆம் பக்கத்தில் மணி அடித்துவிட்டார்கள். முதல் கேள்வியாக ஒரு மூத்த பேராசிரியர், "ரீடின் மறுப்பு லாக்கின் எந்தக் கூற்றைத் தாக்குகிறது?" என்று கேட்டார். வாசித்த பத்தியையே மீண்டும் வாசித்ததைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. நிறையப் படித்திருக்கிறேன், பொருள் புரிந்தும் இருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் எழுத்திலும் பேச்சிலும் அது என் ஆய்வாக மாறவில்லை. இந்தத் திறனை யாரும் தனியாகக் கற்றுத் தந்ததில்லை. இதை வளர்த்துக்கொண்டவர்கள், வளர்த்துவிட்டவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: உரைகல்

அன்புள்ள ஆய்வாளருக்கு, பல ஆண்டுகளாக நெறியாளராக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பத்தியை மூன்று முறை படித்தேன். உங்கள் ஆய்வேடு முழுவதும் அதில் ஒரே ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதிய உடனே நீங்கள் அதை விட்டு ஓடிவிட்டீர்கள். "பொறுப்பைப் பற்றியும் இவ்வாறே கூறலாமா என்பது சிந்திக்கத்தக்கது" என்பதுதான் அது. சிந்திக்கத்தக்கது என்றால் சிந்திக்க வேண்டியவர் யார்? வாசகரிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த அறிஞரிடம் போய்விடுகிறீர்கள். உங்கள் நெறியாளர் ஓரத்தில் எழுதிய கேள்விக்கு விடை அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

ரீட் என்ன செய்கிறார் என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். அவர் கையாளும் கருவி மிக எளியது. முதலாமவரும் இரண்டாமவரும் ஒரே ஆள், இரண்டாமவரும் மூன்றாமவரும் ஒரே ஆள் என்றால், முதலாமவரும் மூன்றாமவரும் ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும். கணிதத்தில் இதைக் கடப்பு உறவு என்கிறோம். நினைவோ அப்படிக் கடந்து செல்வதில்லை. ஆகவே நினைவும் ஒருமையும் ஒன்றாக இருக்க முடியாது. மறுப்பு இவ்வளவுதான். இது லாக்கின் ஒருமைக் கொள்கையைத் தாக்குகிறது. ஆனால் நீங்கள் ஆராய்வது ஒருமையை அன்று, பொறுப்பை. ரீடின் அடி பொறுப்பின் மீதும் விழுகிறதா, அல்லது அதைத் தொடாமல் போகிறதா? பேராசிரியர் உங்களிடம் கேட்டதும் இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு "விழுகிறது" என்றோ "விழவில்லை" என்றோ ஒரு விடையும், அந்த விடைக்கு ஒரு காரணமும் உங்களிடம் வந்த நாளில் உங்களுக்கு ஓர் ஆய்வேடு கிடைத்துவிடும்.

இனி எழுதும் பழக்கத்துக்கு வருகிறேன். ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, 42 பக்கங்களிலும் உள்ள வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். "கூறுகிறார், கருதுகிறார், மறுக்கிறார், என்கிறார்" என்று வருபவை எத்தனை, நீங்கள் எழுவாயாக நிற்பவை எத்தனை என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு பத்திக்கும் எதிரே, அந்தப் பத்தி எதைப் பற்றியது என்று எழுதாமல், அது என்ன வேலை செய்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். "லாக்கைப் பற்றியது" என்பது வேலை ஆகாது. "லாக்கின் கூற்றில் இரண்டு பகுதிகள் இருப்பதைப் பிரித்துக் காட்டுகிறது" என்பது வேலை. வேலை எழுத முடியாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடலாம். என் மாணவர்களில் ஒருவர் இப்படி 60 பக்க இயலை 35 பக்கமாக்கினார், வாதத்தில் ஓர் எழுத்தும் குறையவில்லை.

இந்த வேலைகள் எத்தனை வகைப்படும் என்பதை நம் இலக்கண மரபு முன்பே எண்ணி வைத்திருக்கிறது. நன்னூலின் பாயிரம் நூலாசிரியர் கைக்கொள்ளும் எழுவகை மதத்தை, அதாவது பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு நிலைகளை, சொல்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒரு பக்கத்தைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், எவரோடும் சேராமல் தன் கருத்தையே கொள்ளுதல். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த சூத்திரமாக இதை எண்ண வேண்டாம். உங்கள் பத்தியை இதன் முன் வைத்தால், இந்த ஏழில் ஒன்றையும் அது செய்யவில்லை என்பது உடனே தெரியும். இருவர் மாறுபட்டதை அறிவிக்கிறது. ஒரு பக்கத்தைத் துணியவில்லை.

மற்றொரு பயிற்சிக்கு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூமைத் துணைக்கு அழைக்கிறேன். 1739-இல் வெளிவந்த அவருடைய முதல் பெருநூல் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. 1740-இல் அவர் பெயர் குறிப்பிடாமல் ஒரு சிறு சுருக்க நூலை வெளியிட்டார். பெருநூலின் எல்லாப் பகுதிகளையும் சிறிது சிறிதாகத் தொட்டுக் காட்டுவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. காரணத்தையும் விளைவையும் பற்றிய ஒரே ஒரு வாதத்தைத் தேர்ந்து, அதைத் தொடக்கம் முதல் இறுதி வரை பின்தொடர்ந்து காட்டினார். நம் மாணவர்கள் எழுதும் ஆய்வுச் சுருக்கங்கள் பெரும்பாலும் பொருளடக்கத்தை வாக்கியங்களாக்கியவை: முதல் இயல் இதை ஆராய்கிறது, இரண்டாம் இயல் அதை விளக்குகிறது. ஹ்யூம் செய்ததை நீங்களும் செய்யுங்கள். உங்கள் வலுவான வாதம் ஒன்றை மட்டும் இரண்டு பக்கத்தில், உங்கள் துறையைச் சேராத ஒருவர் பின்தொடரும்படி எழுதுங்கள். வாரம் ஒரு முறை எழுதுங்கள். பழையதைத் திருத்தாமல் ஒவ்வொரு முறையும் வெற்றுத் தாளிலிருந்து தொடங்குங்கள். ஐந்தாவது முறையில் வாதத்தின் மூட்டுகள் உங்களுக்கே தெரியத் தொடங்கும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நெறியாளராக முதல் சில ஆண்டுகள் மாணவர்களின் வாக்கியங்களை நானே திருத்தி எழுதிக் கொடுத்தேன். ஆய்வேடுகள் நன்றாக வந்தன, மாணவர்கள் வளரவில்லை. பட்டம் பெற்ற பின் அவர்கள் தனியாக எழுதிய கட்டுரைகளைப் படித்தபோதுதான் நான் செய்த தீங்கு எனக்கு விளங்கியது. உங்கள் நெறியாளர் ஓரத்தில் கேள்வியை மட்டும் எழுதுகிறார். அவர் சரியாகவே செய்கிறார்.

பதில் 2: கடைசி வரிசை

எழுத்தைப் பற்றி உரைகல் ஐயா சொல்லிவிட்டதால் எடுத்துரைப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சென்ற ஆண்டுதான் வாய்மொழித் தேர்வை முடித்தேன். பட்டவை எல்லாம் இன்னும் நினைவில் இருக்கின்றன.

கண்ணுக்கு எழுதியதைக் காதுக்கு வாசிக்கக் கூடாது என்பதை நான் மிகத் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். படிப்பவர் ஒரு வாக்கியம் புரியாவிட்டால் மேலே போய் மீண்டும் படிப்பார். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. எனவே கருத்தரங்குக்கென்று தனியாக ஒரு பிரதி எழுதுங்கள். முதல் இரண்டு நிமிடத்துக்குள், "ரீடின் மறுப்பு லாக்கின் ஒருமைக் கொள்கையை வீழ்த்துகிறது, பொறுப்புக் கொள்கையை வீழ்த்தவில்லை என்று வாதிடப் போகிறேன்" என்பது போன்ற ஒரு வாக்கியம் வந்துவிட வேண்டும். துப்பறியும் கதை போல முடிவை ஒளித்துவைப்பதால் தத்துவ அவையில் எந்தப் பயனும் இல்லை. எங்கே போகிறோம் என்று தெரிந்தால்தான் அவையினரால் வழியில் உள்ள பள்ளங்களைக் காட்ட முடியும். 11-ஆம் பக்கத்தில் இருந்ததை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தால் மணி எப்போது அடித்தாலும் கவலையில்லை. வீட்டில் கடிகாரத்தை வைத்து உரக்க வாசித்துப் பாருங்கள். எனக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டரை நிமிடம் ஆகிறது. ஆகவே 20 நிமிடத்துக்கு 7 பக்கத்துக்கு மேல் எழுதுவதே இல்லை.

பவர்பாயிண்ட் ஸ்லைடை விட ஒரு தாள் சிறந்தது என்பது என் துணிபு. ஸ்லைடு மாறியதும் முந்தைய எடுகூற்று (முடிவுக்கு அடிப்படையாக வைக்கும் கூற்று) கண்ணை விட்டு மறைந்துவிடுகிறது. தத்துவ வாதத்திலோ நான்காவது படியைப் பார்க்கும்போது முதல் படியும் கண்முன் இருக்க வேண்டும். ஒரே தாளில், நீங்கள் விவாதிக்கும் மூலவரிகள், எண்ணிட்ட எடுகூற்றுகள், முடிவு, அவ்வளவு போதும். அவையில் யாராவது, "உங்கள் இரண்டாம் எடுகூற்றை நான் ஏற்கவில்லை" என்று தொடங்கினால், உங்கள் உரை பாதி வெற்றி பெற்றுவிட்டது என்று கொள்ளலாம்.

கேள்வி நேரம் எனக்கு மிகவும் அச்சம் தந்தது. சில தத்துவக் கருத்தரங்குகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: புதிய கேள்வி கேட்பவர் கையைத் தூக்குவார், நடந்துகொண்டிருக்கும் கேள்வியையே தொடர விரும்புபவர் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். இதனால் ஒரு சிக்கல் பாதியில் அறுபடாமல் அதன் முடிவு வரை போகிறது. உங்கள் துறையில் இது இல்லையென்றால் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். விடை சொல்லும் முன், கேள்வியை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, "இதைத்தானே கேட்கிறீர்கள்?" என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இது காலம் கடத்தும் தந்திரம் அன்று. பாதி வேளைகளில் கேட்டவரே, "இல்லை, நான் கேட்டது வேறு" என்று திருத்துவார். விடை தெரியாதபோது, "இந்தக் கேள்வி சரியாக இருந்தால் என் மூன்றாம் படி நிற்காது, அதற்கு இன்று என்னிடம் விடையில்லை" என்று சொல்லலாம். என் வாய்மொழித் தேர்வில் ஓர் இடத்தில் இதையே சொன்னேன். தேர்வாளர் முகம் சுளிக்கவில்லை. அந்தப் படியைப் பற்றி என்னோடு சேர்ந்து பத்து நிமிடம் யோசித்தார். அந்தப் பத்து நிமிடம்தான் என் ஐந்தாண்டு ஆய்வில் எனக்கு மிக விருப்பமான நேரம்.

வந்த கேள்விகளை அன்றிரவே ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஒரே கேள்வி மூன்று அவைகளில் வந்தால் குறை கேட்டவர்களிடம் இல்லை.

பதில் 3: மாற்றுப்பக்கம்

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒரு தயக்கம். எண்ணிட்ட எடுகூற்றுகளும் முடிவும் என்ற வடிவம் எல்லாத் தத்துவ ஆய்வுக்கும் பொருந்தாது. நான் செய்வது தத்துவ வரலாறு. என் துணிபு பெரும்பாலும், "இந்த வரியை இதுவரை படித்த விதம் தவறு, இப்படிப் படித்தால் அடுத்த பத்தியும் பொருந்துகிறது" என்ற வடிவில்தான் இருக்கும். அதை மூன்று எடுகூற்றுகளாக நறுக்கினால் உயிர் போய்விடும். அங்கும் துணிபு வேண்டும், காரணம் வேண்டும், மாற்று வாசிப்பை அதற்குரிய மதிப்போடு எடுத்துரைக்க வேண்டும். ஆனால் சான்றின் உருவம் வேறு.

அந்த மதிப்பைப் பற்றி ஒரு சொல். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன் பிறர் கொள்கைகளைப் பரபக்கமாக வைக்கிறது. மாற்றார் தரப்பை முழுமையாகச் சொல்லாதவருக்கு அதை மறுக்கும் உரிமை இல்லை என்பதை அந்த அமைப்பிலிருந்தே நான் கற்றேன். மாற்றார் படித்தால், "ஆம், நான் சொன்னது இதுதான், நான் சொன்னதை விடத் தெளிவாகவே இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட் 1641-இல் 'தியானங்கள்' என்ற தம் நூலை வெளியிட்டபோது, பிறர் எழுதிய ஆறு தொகுதி மறுப்புகளையும் தம் விடைகளையும் அதே நூலில் சேர்த்தே அச்சிட்டார். நீங்களும் உங்கள் இயலை அச்சுக்கு முன் இருவரிடம் கொடுத்து, மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். நண்பர்கள் வாயால் சொல்லும் "நன்றாக இருக்கிறது" எதற்கும் உதவாது.

இன்னொன்று தமிழில் எழுதும் நமக்கே உரிய இடர். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை அழகு கெடும் என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அதனால் ஒரே பக்கத்தில் உணர்வு, தன்னுணர்வு, பிரக்ஞை என்று மாற்றி மாற்றி எழுதுகிறோம். லாக் அங்கே ஒரே சொல்லைத்தான் ஆள்கிறார். வாசகர் மூன்று கருத்துகள் இருப்பதாக எண்ணிக் குழம்புவார். உங்கள் கேள்வியிலேயே, லாக்கின் நிலைப்பாட்டைச் சொல்லும் இடத்தில் "உணர்வு" என்றும் மேற்கோள் பத்தியில் "நினைவு" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றா என்பது லாக்கை ஆராய்வோர் நெடுங்காலமாக வழக்காடும் செய்தி. ஒரு சொல்லைத் தேர்ந்து, முதலிலேயே வரையறுத்து, சலிப்புத் தட்டினாலும் அதையே இறுதி வரை ஆளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வினைமுற்றுகளை எண்ணினேன். 42 பக்கங்களில் நான் எழுவாயாக நின்ற இடங்கள் ஆறு. அவற்றில் நான்கு "இனி நாம் காண்போம்". பத்தியை வெற்றுத் தாளிலிருந்து எழுதிப் பார்த்தேன்.

"ரீடின் படைத்தலைவர் எடுத்துக்காட்டு லாக்கின் ஒருமைக் கொள்கையை வீழ்த்துகிறது என்பதை ஏற்கிறேன். ஒருமை கடப்பு உறவு, நினைவு அப்படியன்று. ஆனால் அதே எடுத்துக்காட்டு, நினைவில்லாத செயலுக்குப் பொறுப்பில்லை என்ற லாக்கின் மற்றொரு கூற்றை வீழ்த்துவதில்லை என்று வாதிடுவேன். பொறுப்பு கடப்பு உறவாக இருக்க வேண்டும் என்பதற்கு ரீட் எந்தக் காரணமும் தரவில்லை. அந்தக் கூற்றை மறுக்க விரும்புவோர் வேறு வாதம் தேட வேண்டும். அத்தகைய ஒரு வாதத்தை மூன்றாம் இயலில் தருகிறேன்."

"நினைவு" என்ற சொல்லையே ஆள்வதென்றும், லாக்கை அப்படிப் படிப்பதற்கான காரணத்தை முன்னுரையில் தருவதென்றும் முடிவு செய்திருக்கிறேன்.

உரைகல்

மகிழ்ச்சி. இந்தப் பத்தியில் நீங்கள் இருக்கிறீர்கள், ஆகவே இப்போது உங்களோடு மல்லுக்கு நிற்க முடிகிறது. இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, கடப்பு என்ற கேள்வி ஒரே இனமான இரண்டுக்கு இடையிலுள்ள உறவுக்குத்தான் எழும். ஒருமை ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலானது. பொறுப்போ ஆளுக்கும் செயலுக்கும் இடையிலானது. எனவே "ரீட் காரணம் தரவில்லை" என்று நீங்கள் தணிந்து பேச வேண்டியதில்லை. அந்தக் கேள்வி அங்கே பொருந்தவே பொருந்தாது என்று சொல்லலாம். உங்கள் வாதம் நீங்கள் நினைத்ததை விட வலியது.

இரண்டாவது அவ்வளவு இனிப்பானதன்று. "ஆள்" என்பதே செயல்களையும் அவற்றுக்குரிய நன்மை தீமைகளையும் ஒருவருக்கு உரிமையாக்கும் நீதிமன்றச் சொல் என்று லாக் அதே இயலில் எழுதுகிறார். பொறுப்பையும் ஒருமையையும் அவர் வேண்டுமென்றே ஒன்றோடொன்று கட்டியிருக்கிறார். ஒருமை வீழ்ந்தது, பொறுப்பு நின்றது என்று நீங்கள் பிரித்தால், நின்றது லாக்கின் கூற்றுதானா, நீங்கள் அவர் பெயரில் புதிதாகக் கட்டியதா என்று அந்த மூத்த பேராசிரியர் நிச்சயம் கேட்பார். இரண்டில் எது என்றாலும் ஆய்வு நிற்கும், ஆனால் எது என்பதை நீங்களே சொல்ல வேண்டும். அடுத்த வாரத்து இரண்டு பக்கத்தில் அதை எழுதி இங்கேயே இடுங்கள், படிக்கிறேன்.